கத்தாத கல்

"வட்டத்துக்கு என்னடா குறைச்சல்? பாதிப் பேர் விரல்ல வட்டம்தான் இருக்கு" என்றாள் அக்கா.

"பாதிப் பேருக்கு இவர் மாமனார் இல்லையே" என்றான் அவன்.

"உனக்கும் இன்னும் இல்ல."

நகைக்கடையில் அவனுக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கு இது எதுவும் கேட்கவில்லை. கடிகாரம் பழுது பார்க்கிறவர். அவன் கட்டிக்கொள்ள நினைக்கிற பெண்ணின் அப்பா. பிறவியிலேயே காது கேளாதவர். பேச்செல்லாம் கையில்தான். விளக்கடியில் வட்ட வைரத்தைப் பார்த்ததும் அவர் முகத்தைச் சுளித்து விரல்களை வாயருகே விரித்துக் காட்டினார்.

என்ன சொல்கிறார் என்று கேட்டாள் விற்பனைப் பெண். "கத்துதாம்" என்றான். விலை அதிகம் என்று சொன்னவர்களை அவள் பார்த்திருக்கிறாள். கத்துகிறது என்று யாரும் சொன்னதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

அவர் விளக்கினார். மகள் தன்னோடு பேசுவது மோதிரம் போடப்போகிற அந்தக் கையால். அவள் விரலை அசைத்தால் சொல்லுக்கு முன்னால் கல் முந்திக்கொண்டு மினுக்கும். பேசுகிறவள் பக்கத்தில் ஒருத்தன் தகரம் தட்டிக்கொண்டிருந்தால் என்ன விளங்கும்? அடுத்து வந்தது கண்ணீர்த்துளி வடிவம். அதற்கு அவர் உள்ளங்கையை உள்ளங்கையால் தேய்த்து, கூர்முனை குத்தியதுபோல் கையை உதறினார். அக்காவுக்கே அது புரிந்து சிரிப்பு வந்தது.

மோதிரம் பாதி வேலைதான். மீதிப் பாதி அவன் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அவர் மகள் போட்ட நிபந்தனை அது. "அப்பாகிட்ட நீயே கேக்கணும். எழுதிக் காட்டக் கூடாது, போன்ல தட்டிக் காட்டக் கூடாது, கையால கேக்கணும். அவர் சரின்னாதான் நானும் சரி." அதற்காகத்தான் மாலைதோறும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துப் பார்த்துப் பழகினான். கை என்னவோ இன்றுவரை மாற்றிப் போட்ட செருப்புபோல் தடுமாறியது. கடைக்குக் கூப்பிட்டதும் அவர் வந்துவிட்டார், உண்மைதான். ஆனால் வந்தது சம்மதமாகிவிடுமா? கல் பார்க்கவும் வந்திருக்கலாம்.

விற்பனைப் பெண் கடைசியாக எடுத்து வைத்தது எமரால்டு கட் வைரம். மூலை வெட்டிய நீள்சதுரம், உள்ளே படிப்படியாக இறங்கும் பட்டைகள். தட்டைச் சாய்த்தபோது அதில் வெளிச்சம் மினுக்கவில்லை. பக்கத்து அறையின் கதவை யாரோ திறந்து மூடியதுபோல் வந்து போயிற்று. கடிகாரக்காரர் முன்னால் குனிந்தார். இது முணுமுணுக்கிறது என்றார் கையால். பரவாயில்லை, இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம்.

"நீங்களே பிடிச்சுப் பாருங்க சார்" என்று விற்பனைப் பெண் இடுக்கியை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் கல்லைப் பதமாகக் கவ்வி, விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடிகாரக்காரர் கல்லைப் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க இடுக்கி பிடித்தவர், இடுக்கி பிடித்த கையைப் பார்த்தார். அது வலக்கை. அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, நீ வேலை செய்கிற கை எது என்று கேட்டார்.

இந்த வலக்கைதான் என்றான். அப்புறம்தான் அவனுக்கே உறைத்தது, அதைச் சொன்னது இடக்கை.

எதிரே உட்கார்ந்து பழகியதில் வந்த வினை. அவள் வலக்கை எழுந்தால் அதற்கு நேரே இருக்கும் அவன் இடக்கை எழுந்தது, கண்ணாடியில் தெரியும் ஆள்போல. பிறந்தது முதல் கைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் எந்தக் கை என்று பார்க்கவே இல்லை, சொல்லைத்தான் பார்த்தாள். அவள் அப்பா பார்த்திருந்தார். இடக்கைக்காரப் பையன், பாவம், அதிலும் கொஞ்சம் திக்குவாய் என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வந்தால் தேநீரை அவன் இடப்பக்கமே வைத்தார். போன மாதம் ஒரு பழைய கடிகாரத்தைப் பிரித்து, இடக்கைக்கு வாகாகச் சாவி கொடுக்கும் திருகு இடப்பக்கம் வருமாறு மாற்றிப் பூட்டி, அவனுடைய வலது மணிக்கட்டில் தாமே கட்டிவிட்டார். அவன் ஏனென்று கேட்கவில்லை. பெரியவர் கட்டியதைக் கழற்றுவானேன் என்று அப்படியே விட்டிருந்தான்.

கடிகாரக்காரர் சிரித்தார். தமக்குக் கேட்காத சிரிப்பு என்பதால் அதற்கு அளவே இல்லை. கடையே திரும்பிப் பார்த்தது.

"இப்ப யாரு கத்துறா?" என்றாள் அக்கா.

அவர் அவன் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த லென்ஸைக் கண்ணில் செருகி, இரண்டு கையாலும் அதைப் பிடித்துப் பின்மூடியை நகத்தால் நெம்பத் தொடங்கினார். மறுபடி மாற்றிப் பூட்டுவதற்குத்தான்.

அக்கா அவன் காதருகே குனிந்தாள். "கேளுடா, ஆமை. இதவிட நல்ல நேரம் வராது."

அவன் கல்லைத் தட்டில் வைத்தான். அவர் முழங்காலைத் தொட்டான். அவர் நிமிர்ந்து, கண்ணிலிருந்த லென்ஸை மடியில் நழுவவிட்டு, என்ன என்பதுபோல் பார்த்தார். திறந்த கடிகாரம் இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது.

அந்த வாக்கியத்தை அவன் வலக்கையால் சொல்லிப் பார்த்ததே இல்லை. சொன்னான். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, உங்கள் மகளை நான் கட்டிக்கொள்ளலாமா என்று. கை இரண்டிலும் கடிகாரம் இருந்ததால், சரி என்பதை அவர் தலையை ஆட்டித்தான் சொல்ல முடிந்தது.