வெருளிக்குக் கிடைத்த வேலை

கொலோனுக்கு வெளியே, அகதிகள் விடுதிக்குப் பின்னால், ஒரு துண்டுப் புல்வெளி மிஞ்சிக் கிடந்தது. சுற்றிவர இருந்ததையெல்லாம் வீடுகள் தின்றுவிட்டன. எண்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதம், வேலை செய்ய அனுமதியில்லாத யோகலிங்கம் அங்கே உலாவும்போது கூட்டைக் கண்டார். புல்லடியில் மாட்டுக் குளம்பளவு பள்ளம். அதற்குள் வானம்பாடிக் குஞ்சுகள் நான்கு வாயைப் பிளந்திருந்தன. விடுதியின் ஒரு கிழமைச் சோற்றை அந்த வாய்கள் ஒரே விழுங்கில் முடித்திருக்கும்.

மறுநாள் புல் வெட்டும் இயந்திரம் வருவதாக இருந்தது. புல்வெளியைப் பராமரிக்கும் டொறத்தி, "இடம் தெரிந்தால் சுற்றிப் போகச் சொல்கிறேன். ஓர் அடையாளம் வையுங்கள்," என்றார்.

அடையாளம் என்றால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு வெருளிப் பொம்மைதான். பார்க்கிறவர் கண்ணூறும் அதிலேயே போய்விடும். விடுதியில் கொடுத்த கோட்டைக் கம்பில் மாட்டி, கரிச்சட்டித் தலையில் வெள்ளைப் புள்ளி வைத்து, கூட்டருகிலேயே நட்டார். கொலோன் தேவாலயக் கோபுரமே ஒருதரம் எட்டிப் பார்த்திருக்கும்.

"உங்களைவிட வடிவாயிருக்கு அண்ணை," என்றான் அறைத்தோழன் குணசேகரம்.

தாய்ப்பறவை புழுவோடு வந்தது. வட்டமிட்டது. இறங்கவில்லை. மத்தியானமாகியும் இறங்கவில்லை, குஞ்சுகளின் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. காகம் மட்டும் வெருளியின் தலையில் சாவகாசமாகக் குந்தி, கீழே எதையோ தேடியது.

ஓடிவந்த டொறத்தி, "உயரமாக எது நின்றாலும் இந்தப் பறவை அண்டாது," என்றார்.

யோகலிங்கம் வெருளியைப் பிடுங்கிக்கொண்டு வேலியோரம் போய்ப் படுத்தார். கனநேரம் கழித்துத் தாய் இறங்கியது. கூட்டில் அல்ல, எங்கேயோ தள்ளி. பிறகு புல்லுக்குள்ளால் நடந்து போனது.

"எங்கட ஆள்தான் அண்ணை," என்றான் குணசேகரம். "இறங்கிறது கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் எயார்போட்டில, போறது கொலோனுக்கு."

"அது சரி. நாளைக்கு மெசினுக்கு ஆர் இடம் காட்டுறது?"

விடிந்ததும் யோகலிங்கம் அந்தக் கோட்டைத் தானே போட்டுக்கொண்டார். இயந்திரம் நெருங்கியபோது கூட்டருகே கைகளை விரித்து நின்றார். காகமொன்று அவர் தலையை நோட்டம் விட்டு, யோசித்து, போய்விட்டது. இயந்திரம் வளைந்து விலகியது. அது போன கையோடு அவரும் விலகி, வேலியோரம் மறுபடி படுத்தார்.

வெட்டின வெளியின் நடுவே ஒரு குடுமிப் புல் மட்டும் நின்றது. தாய்ப்பறவை தள்ளி இறங்கி அதை நோக்கி நடந்தது.

"வாங்கோ, தேத்தண்ணி ஆறுது," என்று குணசேகரம் கூப்பிட்டான்.

"பொறு. அவ இன்னும் நடந்து முடியேல்லை."