பெடல் மேல் இருந்த கால்

காலையில் எழுந்ததும் வாஷிங் மெஷினைத் திறந்து பார்ப்பேன். உள்ளே எதுவும் இருக்காது. மூடுவேன். பல் தேய்ப்பேன். காபி போடுவேன். மிச்சப் பாலை ஃப்ரிட்ஜில் வைப்பேன். முன்பெல்லாம் பால் மிஞ்சாது. பிறகு கூடத்துக்கு வந்து பியானோவின் மேல் தூசி தட்டுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் இதெல்லாம் செய்தேன். அன்று அத்தை வருவதாக இருந்தது. என் மனைவியின் அம்மா.

போனில் முன்பே சொல்லியிருந்தார். "அவ வாசிச்சது அந்தப் பியானோவுக்குள்ளேயே பதிஞ்சிருக்காமே, சின்னவன் சொன்னான். ஒரு தடவை கேக்கணும் மாப்பிள்ளை. ஒரு தடவைதான். ரெண்டாவது தடவைக்கு எனக்குத் தெம்பு கிடையாது."

பதிந்திருந்தது உண்மை. எங்கள் பியானோ தானாக வாசிக்கும். கட்டைகளுக்கு அடியில் வரிசையாகக் காந்தச் சுருள்கள், பெடலுக்கு ஒரு பெரிய சுருள். யாராவது வாசித்தால் பதிந்துகொள்ளும். ஒலியாக அல்ல, எண்களாக. எந்தக் கட்டை எப்போது, எவ்வளவு வேகமாக இறங்கியது. பெடலைக் கால் எவ்வளவு அழுத்தியது. அந்த ஃபைலைப் போட்டால் கட்டைகள் அதேபோல இறங்கும். இருக்கை மட்டும் காலியாக இருக்கும்.

அவள் பள்ளியில் இசை ஆசிரியை. போன மழைக்காலத்தில் வகுப்பில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. பிறகு கண் விழிக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் வாசித்தது ஒரு ஃபைலாக இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை.

அத்தை போன் செய்த பிறகுதான் போட்டேன். ஒரே கூழாக இருந்தது. ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது, அதன் மேல் இன்னொன்று. கணினியில் திறந்து பார்த்தேன். பெடல் எண் ஓரிடத்திலும் பூஜ்யத்துக்கு வரவில்லை. பெடல் இறங்கினால் தந்திகளை அடக்கும் டேம்பர்கள் மேலே தூக்கிக்கொள்ளும், சத்தம் நிற்காது. அழுத்தாத இடங்களில்கூட முப்பத்தைந்தைச் சுற்றி எண்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. சென்சார் கோளாறு என்று நினைத்தேன்.

பிரதி எடுத்துக்கொண்டு சரி செய்தேன். சின்ன எண்களையெல்லாம் பூஜ்யமாக்கினேன். பெரியவற்றை முழு அழுத்தமாக்கினேன். சில மெல்லிய சுரங்களுக்கு, தந்தியை அடிக்கும் சுத்தியலைச் சுருளால் தள்ள முடியவில்லை. அவற்றின் வேகத்தைக் கூட்டினேன். கடைசியில் வெறுமனே ஓடிய பகுதியை வெட்டினேன். ஒரு வாரம் அலுவலகத்திலிருந்து வந்ததும் இதே வேலை. சுத்தமாக வந்தது.

அத்தை தன் சின்ன மகனோடு வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இருக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். ஃபைலை ஓட விட்டேன்.

வாசிப்பு முடிந்தது. மச்சினன்தான் ஆரம்பித்தான்.

"ஹோட்டல் லிஃப்ட்ல போடுவாங்களே மாமா, அது மாதிரி இருக்கு."

"வாயை மூடுறா" என்றார் அத்தை. பிறகு என்னிடம், "நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா வாசிக்கிறது யாரு?"

"அவதான் அத்தை. கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன். பெடல்ல தப்பு இருந்துச்சு."

"என்ன தப்பு?"

"கால் எடுக்கவே இல்லைன்னு பதிஞ்சிருக்கு."

"அவ எங்க எடுத்தா? சின்னப் புள்ளையிலேருந்து காலைப் பெடல் மேலயே போட்டு வெச்சிருப்பா. என்ன கால் அது, வாடகைக்கு விட்டுட்டியான்னு திட்டுவேன். காதுல வாங்கினாத்தானே."

சொல்லிவிட்டு எழுந்தார். பையை எடுத்தார்.

எனக்குப் பியானோவுக்குச் சுருதி சேர்க்க வரும் ட்யூனர் ஞாபகம் வந்தது. அவள் முன்பே சொல்லி வைத்திருந்ததால், அவள் போன அடுத்த மாதம் வந்தார். விஷயம் தெரிந்து சங்கடப்பட்டார். போகும்போது, "பெடல் ரொம்ப லூசா கிடந்துச்சு சார், டைட் பண்ணி விட்டிருக்கேன். அதுக்குத் தனியா எதுவும் வேணாம்" என்றார். நானும் தலையாட்டினேன். அப்போது எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் காலுக்கு அந்த லூசு வேண்டியிருந்தது. கால் அதில் இளைப்பாறும், டேம்பர் தூக்காது. இறுக்கிய பிறகு அதே அழுத்தத்துக்கு டேம்பர் எழுந்துவிட்டது. எண்களில் கோளாறு எதுவும் இல்லை.

"அத்தை, கொஞ்சம் உக்காருங்க."

"ஒரு தடவைதான்னு சொன்னேனே."

"இன்னும் அந்த ஒரு தடவையே ஆகலை."

என்னைப் பார்த்தார். பை மடிக்கு வந்தது.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பியானோவுக்கு அடியில் படுத்தேன். மச்சினன் போன் வெளிச்சம் காட்டினான்.

"மாமா, உள்ள மாட்டிக்கிட்டா சொல்லுங்க. காலைப் பிடிச்சு இழுக்கிறேன்."

"பெடலை லேசா அமுக்கு. லேசான்னா லேசா. ஆட்டுக்கல்லு இல்ல அது."

"இது லேசுதான்."

"இன்னும் குறைவா."

பெடல் கம்பியில் இருந்த நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். கணினி முப்பத்தைந்து காட்டும் வரை அவன் அழுத்தினான். அந்த இடத்தில் டேம்பர்கள் தந்தியை விட்டு எழாத அளவுக்கு நட்டை விட்டேன். வெளியே வந்து, அவள் விட்டுப்போன ஃபைலை அப்படியே போட்டேன்.

இந்த முறை கூழ் இல்லை. பெடல் எங்கும் முழுதாக மேலே வரவில்லை. பாதி தூரத்திலேயே ஏறி இறங்கி விளையாடியது. ஓரிடத்தில் தப்பாக வாசித்து, நின்று, திரும்ப ஆரம்பித்தாள். சில கட்டைகள் இறங்கின, சத்தம் வரவில்லை. அத்தை கட்டைகளைப் பார்க்கவில்லை. கீழே பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. மச்சினன் எழப் போனான். அத்தை அவன் கையைப் பிடித்தார். பெடல் இன்னும் கொஞ்சம் அழுந்தியே இருந்தது. லேசாக நடுங்கியது. நான் வெட்டி எறிந்த பகுதி. வெகு நேரம் கழித்து மெதுவாக மேலே வந்தது.

"எந்திரிச்சுட்டா" என்றார் அத்தை.

மச்சினன் தண்ணீர் கொண்டுவரப் போனான்.

"உங்க பெரியம்மா சொன்னாங்க" என்றார் அத்தை. "ஆஸ்பத்திரியில கடைசியா அம்மான்னு கூப்பிட்டாளாம். நிசமா?"

"இல்ல அத்தை. அங்க அவ கண்ணே திறக்கலை. பெரியம்மா உங்க மனசுக்காகச் சொல்லியிருப்பாங்க."

"அப்பவே நெனச்சேன். அடி பட்டாக்கூட அம்மான்னு கத்தாதவ அவ." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்ப என்னதான் சொன்னா? எதையும் சரி பண்ணாம சொல்லுங்க."

அவள் மயங்கி விழுந்த அன்று காலை, வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் ஒரு செருப்பை மாட்டியபடி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னது. அதை அப்படியே சொன்னேன்.

"மெஷின்ல துணி கிடக்கு, எடுத்துக் காயப் போட்டுடு. இல்லன்னா நாத்தம் அடிக்கும்."