செபமாலைமுத்துவின் பதினொரு நாள்

1

இந்தக் கதை களவெடுத்தது. எங்கே, யாரிடம், எப்போது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாசகர் துப்பறிய வேண்டாம். லண்டன் தமிழ்ப் பத்திரிகைத் தொடர்கதையில் வாராவாரம் ஒரு பிணம் விழுத்திப் பழகிய எனக்கு, முதல் வரியிலேயே கள்ளனைக் காட்டிக்கொடுப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. ‘நான்’ என்று எழுதக் கூசுகிறது. றெஜினோல்ட் என்று எழுதுகிறேன். அது என் ஞானஸ்நானப் பெயர்தான். ஆனாலும் ஆளை ஒரு முழம் தள்ளி நிறுத்தலாம்.

2

முதல் ஆரம்பம்: “மன்னார்க் கரையோரத்து எங்கள் சிறு பட்டினத்தின் பைப் பாண்ட் வரலாறு வீரமும் தியாகமும் நிறைந்த —”

வேண்டாம். ஆண்டு மலருக்கு எழுதுகிற பாஷை.

இரண்டாவது: “ரயில்பாதை வேலைக்கு வந்த ஸ்கொட்லாந்து எஞ்சினியர் ஒருவர், ஊர் திரும்பும்போது தோல்பையும் குழல்களுமான இரண்டு பாக்பைப்பைப் பங்குச் சுவாமியிடம் விட்டுப் போனார். ஊதத் தெரிந்தவன் ஒருவனுமில்லை. வள்ளம் வைத்திருந்த ஒரு சம்மாட்டிதான், ‘காத்துத்தானே சுவாமி’ என்று வாயில் வைத்தார். அடுத்த திருநாளுக்கு, தோளில் தூக்கிய மாதா சுருவத்தின் முன்னால் பாண்ட் நடந்தது. ஸ்கொட்லாந்துக்காரரைப் போலக் கட்டம் போட்ட பாவாடை கட்டச் சொன்னதும் பாதிப் பேர் மறுத்தார்கள். ‘எங்கட சாரத்திலயும் கட்டம் இருக்குத்தானே!’ பாண்ட் இரண்டாக உடைந்தது. பாவாடைப் பாண்ட், சாரப் பாண்ட். இரண்டும் ஒரே சந்தியில் வேறுவேறு பாட்டு ஊதியதில் சுருவம் தூக்கியவர்களுக்குக் கால் பின்னியது. புதுச் சுவாமி வந்து, எல்லோருக்கும் காற்சட்டை என்று தீர்த்துவைத்தார்.”

இது ஓடும். 1985 வரை ஓடும்.

3

1992, ஒரு சனி பின்னேரம், ஹரோ. பிள்ளைகள் தமிழ் வகுப்பில். ஹவுன்ஸ்லோவிலிருந்து இரண்டு ரயில் மாறி செபமாலைமுத்து வந்திருந்தார். அந்தப் பாண்டின் தலைமைப் பைப்காரர். லண்டன் வந்து ஏழு மாதம். றெஜினோல்ட் அதே பாண்டில் ட்ரம் அடித்தவன்.

“தம்பி, என்ர அகதிக் கேஸை றிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கள்.”

“ஏன் அண்ணை?”

“கதை களவெண்டு. உதே கதையை ஆறு வருசத்துக்கு முன்னம் இன்னொருத்தன் சொன்னவனாம். ரெண்டு பேரையும் விசாரிச்சது ஒரே துரை, ஸ்கொட்லாந்துக்காரன். தானும் பைப் ஊதுறவனாம். மறப்பானே?”

றெஜினோல்டின் மனைவி கத்தரின் தேத்தண்ணியோடு நின்றாள். “ஆர் அண்ணை அந்தப் பாவி?”

“பாவி எண்டாதை பிள்ளை. அவனுக்கும் பெண்சாதி பிள்ளை இருந்திருக்கும். ஆனா நான் முகாமில கிடந்த பதினொரு நாளை ஒரு பத்து நாளாவது ஆக்கியிருக்கலாம். சோம்பேறிப் பயல்!”

கத்தரின் சிரித்தாள். றெஜினோல்டும் சிரித்தான்.

(அந்தச் சிரிப்பை இரண்டு தரம் வெட்டினேன். பிறகு திரும்ப எழுதினேன்.)

4

1985 திருநாள் காலை. சந்திக் காவலரணில் நின்ற சிப்பாய்க்கு, செபமாலைமுத்துவின் தோளில் நீட்டிக்கொண்டிருந்த மூன்று குழலும் துவக்காகத் தெரிந்தது. துவக்கில்லை என்று காட்ட முழங்காலில் நின்று ஊதச் சொன்னான். மூச்சு முட்டும்வரை ஊதினார். பிறகு இராணுவ முகாம், பதினொரு நாள். இனி ஊதக்கூடாதென்று மோதிர விரலை முறித்தார்கள்.

றெஜினோல்ட் அந்தச் சந்தியில் இல்லை. காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு படுத்திருந்தான். காய்ச்சல் இல்லை. பயம்.

அடுத்த வருடம் ஹீத்ரோவில், “உனக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை, நடக்க முன்னம் ஓடிவந்தேன் என்பதுதான் உண்மை. அது எடுபடாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். “எங்கட பாண்டில நான் —” என்று றெஜினோல்ட் தொடங்கினான். எழுதிக்கொண்டிருந்த ஸ்கொட்லாந்து அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.* எனக்குக் கிடைத்த முதல் வாசகர் அவர். அவ்வளவு நல்ல வாசகர் பிறகு கிடைக்கவில்லை.

* விரலைக் காட்டச் சொன்னார். நேராக இருந்தது. “முறிவு ஆறிவிட்டது” என்றேன். நம்பினார்.

5

செபமாலைமுத்து கேட்டது இதுதான்: “செவ்வாய்க்கிழமை அப்பீல். பாண்டில இருந்த ஒருத்தர் அதின்ர வரலாற்றையும் எனக்கு நடந்ததையும் எழுதி, பேரும் விலாசமும் போட்டுக் கையெழுத்து வைச்சாக் காணுமாம். லோயர் சொன்னவர். நீ எழுதிறவன். உனக்கு இது ஒரு வேலையே?”

வேலையில்லைதான். ஆனால் றெஜினோல்ட் என்ற பெயர் பழைய அகதிக் கோப்பில், அதே கதையோடு இருக்கிறது. கத்தரினுடைய விசாவும் பிள்ளைகளுடையதும் அந்தக் கோப்பின் மேல்தான் நிற்கின்றன.

கதையை முடிக்க வழிகள்:

அ) கையெழுத்து வைக்கிறான். செபமாலைமுத்து தப்புகிறார். ஹரோ வீட்டுக்கு உள்துறை அமைச்சின் மண்ணிறக் கடித உறை வருகிறது.

ஆ) கோப்பு தொலைகிறது, அதிகாரி ஓய்வு பெறுகிறார். என் தொடர்கதைகளில் இப்படித்தான் நடக்கும். பிரிட்டிஷ் அரசாங்கம் என் தொடர்கதை வாசிப்பதில்லை.

இ) கனடாவிலிருக்கும் பாண்ட்காரன் கஸ்பரின் பெயரைப் போடுவது. பழகின கை.

ஈ) கத்தரினிடம் சொல்லி, அவள் —

இல்லை. அவள் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

6

றெஜினோல்ட் மேலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினான். எஞ்சினியர், சம்மாட்டி, பாவாடை, சாரம், காற்சட்டை. பிறகு 1985. முழங்கால், மூச்சு, விரல். ஒவ்வொரு இடத்திலும் செபமாலைமுத்துவின் பெயரைப் போட்டான். ஆறு வருடத்துக்கு முன் சொன்னதைவிட மோசமாகவே வந்தது. அன்று கண்ணீர் விட்ட இடத்தில் இன்று வெறும் தேதி. நாலு பக்கம். நாலாம் பக்கத்தின் அடியில் ‘எழுதியவர்’ என்று போட்டு, பெயர் போடாமல் பேனையை எடுத்துவிட்டான்.

“தம்பி, முடிஞ்சுதே?” கீழேயிருந்து செபமாலைமுத்துவின் குரல். “ஆறு மணிக்கு எனக்கு ஷிப்ட்.”

“ஓம் அண்ணை. வாறன்.”

தாளை எடுத்துக்கொண்டு இறங்குகிறான். பேனையும் கையில். அண்ணையும் கத்தரினும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். இந்த வீட்டில் பதின்மூன்று படி. அதற்குள் அந்த இடத்தில் ஒரு பெயர் எழுதவேண்டும். எனக்குத் தைரியமில்லை, நீங்கள் எழுதுங்கள். கெதியா எழுதுங்கள். நாலாவது படியில் நிற்கிறான்.