அட்டையில் ஒரு ஏலத்தோட்டம்

காலாண்டு லீவு முடிந்த கையோடு பள்ளிக்கூடத்தில் ஒரு கூத்தை அறிவித்தார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் 'எனக்குப் பிடித்த விடுமுறைத் தலம்' என்று அட்டையிலோ தெர்மோகோலிலோ ஒரு மாதிரி செய்து கொண்டுவர வேண்டும். சனிக்கிழமை பெற்றோர் வந்து பார்ப்பார்கள், நன்றாகச் செய்த பிள்ளைக்குப் பரிசு. வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் படிக்கிற இடம் அது, கேட்கவா வேண்டும்? ஒருத்தி ஊட்டி என்றாள், ஒருத்தன் கொடைக்கானல் என்றான், இன்னொருத்தன் துபாய்க்கே போய்விட்டான். அரசாங்கத்து இலவச ஒதுக்கீட்டில் அங்கே படிக்கிற ரோஜா எழுந்து, "ஏலத்தோட்டம், மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்ததாம்.

அவள் பொய் சொல்லவில்லை. அப்பன் கன்னையன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். லீவு விட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நாதியில்லை. அதனால் அவள் அம்மா வீரலட்சுமி, விடியுமுன் பிள்ளையை உலுக்கி எழுப்பி, ஜீப்பில் இருக்கிற கூட்டத்துக்குள் மடியில் திணித்துக்கொண்டு, போடிமெட்டு தாண்டி விஜயகுமார் முதலாளியின் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். இவள் செடிக்குச் செடி குனிந்து காய் எடுப்பாள். பிள்ளை படுதாவைப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் கிடக்கும். குளிரில் பல் கிட்டிக்கும், அட்டைப்பூச்சி கடித்து ரத்தம் வழியும். அந்தக் கழுதைக்கு அதுதான் சொர்க்கம். நாள் முழுக்க அம்மா கண்ணெதிரே இருக்கிறாளே!

"ஏண்டி, மூணாறுன்னு சொல்லித் தொலைச்சா என்ன? ஊரு சிரிக்கணுமா?" என்று வீரலட்சுமி தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"நம்ம மூணாறு போனதில்லயேம்மா" என்றது பிள்ளை.

வாய்தான் திட்டியதே தவிர, செய்ய ஆரம்பித்ததும் வீரலட்சுமிக்கே ஆசை பிடித்துக்கொண்டது. செருப்புப் பெட்டியின் மூடியில் மண்ணைக் குழைத்து மலை வைத்தாள் ரோஜா. தென்னங்குச்சி மரமானது. தீப்பெட்டி ஜீப்பானது. பச்சைக் காகிதத்தைக் கத்தரித்து ஏலச்செடி. வீரலட்சுமியின் பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றி, விரல் உயரத்தில் ஒரு பொம்பளையைக் குனிந்த வாக்கில் நிறுத்தினாள். "இது நீயி" என்றாள். வீரலட்சுமி சிரித்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காய்தான் இல்லை. செடியின் தூரில் காய் தெரியாவிட்டால் அது என்ன ஏலத்தோட்டம்? பச்சைப் பாசிமணி வாங்கித் தருகிறேன் என்று வீரலட்சுமி சொல்லிப் பார்த்தாள். பிள்ளை கேட்கவில்லை. பிறகு ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ரோஜாவைக் கூப்பிடப் போனபோது, முதலாளியின் மகள் சோனியா டிபன் பாக்ஸ் மூடி நிறைய, பச்சை மாறாமல் உலர்ந்த ஏலக்காயை ரோஜாவின் கையில் கொட்டிக்கொண்டிருந்தாள். சோனியாவும் அதே வகுப்புதான். அவளுடைய ஊட்டி ரயிலைப் பெட்டி பெட்டியாக ஒட்டிக் கொடுத்ததே ரோஜாதான். அதற்குப் பதிலுக்காம் இந்தக் காய்.

வீரலட்சுமி அவசரமாகக் குறுக்கே போனாள். "வேணாம் பாப்பா, கொண்டுபோயிரு. அப்பாவுக்குத் தெரிஞ்சா வைவாரு."

"எங்க வீட்டுல நெறைய இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை காரில் ஏறிப் போய்விட்டது.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். ரோஜாவின் முகத்தைப் பார்த்தாள், விட்டுவிட்டாள். அவள் செய்த புத்திகெட்ட காரியம் அது ஒன்றுதான். தோட்டத்தில் தினம் சாயங்காலம் ஜீப்பில் ஏறுமுன் பொம்பளைகள் வரிசையில் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். கங்காணி மொக்கச்சாமி பார்த்துத் தலையாட்டினால்தான் ஏறலாம். ஒரே ஒரு காய் விழுந்தாலும் போச்சு. ஒரு தோட்டத்தில் திருடி என்று பேர் வாங்கியவளைப் போடியில் எந்த ஜீப்பும் ஏற்றாது. அப்படிப் பேர் வாங்கிய பாண்டியம்மாள் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருப்பதை அவள் தினமும் பார்க்கிறாள்.

சனிக்கிழமை. ஊட்டியும் துபாயும் நடு மேசையில் பளபளத்தன. ரோஜாவின் செருப்புப் பெட்டித் தோட்டத்தை மிஸ் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளி வைத்திருந்தாள். அப்படியும் கூட்டம் அங்கேதான் நின்றது. இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்த வீரலட்சுமிக்குப் பெருமை தாங்கவில்லை.

விஜயகுமார் முதலாளியும் வந்தார். குனிந்து பார்த்துச் சிரித்தார். "அட! யாரு பாப்பா செஞ்சது?"

"நாந்தான் சார். உங்க தோட்டந்தான்!"

மற்றவர்கள் பச்சை மணி என்று நினைத்ததை அவர் கண் விடுமா? பிறந்ததிலிருந்து காயிலேயே புரண்ட மனிதர். ஒன்றைப் பிய்த்து, நகத்தால் கீறி, முகர்ந்தார். சிரிப்பு நின்றது.

"தோட்டத்து ஸ்டோர்ல உலத்துன காய். முதல் தரம். ஏலம் விடுறதுக்கு சாம்பிள் எடுத்து வைக்கிற காய். இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"சோனியா குடுத்தா, சார்."

சோனியா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஊட்டி ரயிலை ஒருமுறை பார்த்தாள். "நான் குடுக்கல டாடி" என்றாள்.

"அப்ப என் மக பொய் சொல்றாளா?" என்று அவர் ரோஜாவைக் கேட்கவில்லை. நிமிர்ந்து வீரலட்சுமியைக் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "நீ சொல்லு, வீரலட்சுமி. உன் மடியில வந்ததா?"

பெற்றோர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியின் மகள் பொய் சொல்கிறாள் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் திருடினேன் என்று சொல்ல வேண்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் திங்கட்கிழமை ஜீப்பு கிடையாது. கண்ணால் பார்த்தவள், டிபன் பாக்ஸ் மூடியின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. பிள்ளை நம்பிக்கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, அம்மா சொல்லிவிடுவாள் என்று.

பளார் என்று ஓர் அறை. ரோஜா குழாயடியில் போய் விழுந்தாள்.

"தோட்டத்துக்குக் கூட்டிப்போனா களவாடிட்டா வர்ற? சொல்லுடி, எடுத்தேன்னு சொல்லு!"

"அம்மா, நீயுந்தான பாத்த…"

வாயோடு சேர்த்து இன்னொன்று விழுந்தது. உதடு கிழிந்தது. பாவி, பெற்றவள்தான் அடிக்கிறாள், அதுவும் முழுப் பலத்தோடு! "எடுத்தேன்னு சொல்லு!"

"எடுத்தேன்" என்றது பிள்ளை.

"சார்கிட்ட சொல்லு."

"எடுத்தேன் சார்."

"சரி சரி, சின்னப் பிள்ள, விடு" என்றார் முதலாளி, பெரிய மனசு பண்ணி. "தாய் கண்டிக்கிறா பாரு, அதுதான் வேணும். இதோட முடிச்சுக்குவோம். நீ திங்கக்கெழம வேலைக்கு வா." மிஸ் ஒரு காகிதத்தை விரித்து, செடித் தூரிலிருந்த காய்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து மடித்து அவரிடம் கொடுத்தாள். பிய்த்த வேகத்தில் சேலை கட்டிய பொம்மை கவிழ்ந்தது, யாரும் நிமிர்த்தவில்லை. முதல் பரிசு ஊட்டி ரயிலுக்கு. எல்லாரும் கை தட்டினார்கள். முதலாளி பார்க்கிறாரே என்று வீரலட்சுமியும் தட்டினாள்.

வழியில் புரோட்டா வாங்கிக் கொடுத்தாள். "அம்மாவுக்கு சோலி போயிருச்சுன்னா நம்ம எங்கிட்டு ஆத்தா போறது? உனக்குப் புரியும்ல?" பிள்ளை தலையாட்டியது. காரம் உதட்டில் பட்டு எரிந்தும் பேசாமல் தின்றது. அழுதிருந்தால்கூட வீரலட்சுமிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

திங்கட்கிழமை ஜீப்பில் மொக்கச்சாமி, "உன் மகளுக்குக் கை நீளமாம்ல!" என்றான். பொம்பளைகள் சிரித்தார்கள். இவளும் சிரித்து வைத்தாள். ஜீப்பு ஏற்றியதே, அது போதும்.

அடுத்த வாரம் ரோஜாவுக்குக் காய்ச்சல். வீரலட்சுமி வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து பிள்ளையின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பாயை விட்டு எழவே இல்லை. மதியம் போல, பக்கத்து வீட்டு சுப்புத்தாய் தெருவில் நின்று கத்த ஆரம்பித்தாள். காலையில் தெருக் குழாயடியில் கழற்றி வைத்த வெள்ளி மெட்டியைக் காணோமாம்.

"எவ எடுத்தாளோ, அவ கையி வெளங்காமப் போக! கைநீளமான சிறுக்கி தெருவுல இருந்தா இப்படித்தான்!"

யாரைச் சொல்கிறாள் என்று தெருவுக்கே தெரியும். வீரலட்சுமி ஆவேசமாக எழுந்தாள். அதற்குள் ரோஜா போர்வையை விலக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"நாந்தான் எடுத்தேன்" என்றாள்.

"பாத்தியா! எங்கடி வச்ச?"

"தெரியல."

"பொய்யி!" என்று அலறினாள் வீரலட்சுமி. "என் பிள்ள எடுக்கல! காலையிலருந்து எங்கூடத்தான் கெடக்கு, சத்தியமா எடுக்கல!"

சுப்புத்தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்பச் சொல்லு! பள்ளிக்கூடத்துல அத்தன பேருக்கு முன்னால களவாணின்னு சொன்னது யாரு, நானா?"

தெருப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்து நின்றார்கள். வீரலட்சுமி எல்லார் முகத்தையும் பார்த்தாள். நம்புகிற முகம் ஒன்றும் இல்லை. ரோஜா அம்மாவின் பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கன்னத்தைக் காட்டி நின்றாள்.

"வெரசா அடிம்மா" என்றாள் மெதுவாக. "எல்லாரும் பாக்குறாங்க."