தாளின் ஓரத்தில் நின்ற பாதை

நிக்காஹ் பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் பரக்கத் அலி பெயருக்கு முன்னால், காலமானவர் என்பதற்கு 'மர்ஹூம்' என்று போட்டுவிடலாமா என்று தங்கை மஜீதாவிடம் கேட்டுவிட்டு, ஷேக் தாவூது முன்கட்டில் காத்திருந்தார். யுத்தத்திலிருந்து இந்த 1961 வரை, அவர் இறந்துவிட்டார் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாயங்காலத்துக்குள் பாலக்கரை அச்சகத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

உள்ளே கல்யாணப் பெண் ஜஹானாரா, கல்லூரியில் கேட்டு வாங்கிவந்த பர்மா மலைப்பகுதியின் வரைபடத்தைப் பாயில் விரித்தாள். அவளுடைய அத்தா அங்கேதான் ஈயச் சுரங்கத்தில் எடை பார்க்கும் வேலையில் இருந்தார். ரங்கூனில் குண்டு விழுந்தபோது மனைவியையும் கைக்குழந்தையையும் கப்பலில் ஏற்றிவிட்டு, "நான் மலைவழியா நடந்து வந்துடறேன்" என்றார். அதோடு சரி.

"அங்க யாரையாவது கட்டிக்கிட்டு இருந்தாலும் இருக்கட்டும். உசுரோட இருந்தாப் போதும்" என்பாள் மஜீதா.

அந்த மலையைப் பார்த்துவிட்டால் அத்தா இறந்துவிட்டதை அம்மா ஒப்புக்கொள்வாள் என்று ஜஹானாரா நினைத்திருந்தாள்.

"என்னடி இது, நூல் சிக்குன மாதிரி?"

"ஒவ்வொரு கோடும் ஒரு உயரம்மா. தள்ளித் தள்ளி இருந்தா நடக்கலாம். நெருங்கிட்டா செங்குத்து. இதுதான் சுரங்கம்."

"பக்கத்துல ஓடை இருக்கணுமே. படுத்தா சத்தம் கேக்கும்."

இருந்தது. நீலக் கோட்டின் மேல்பக்கம் நாலைந்து கறுப்புக் கட்டங்கள். அதில் ஒன்றுதான் அவர்கள் குடியிருந்த வீடு. மஜீதா அவற்றின்மேல் சற்று நேரம் உள்ளங்கையை வைத்திருந்தாள். அங்கிருந்து புள்ளி புள்ளியாக ஓர் ஒற்றையடிப்பாதை ஏறியது. விரலும் கூடவே ஏறியது. பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிட்ட இடங்களில் விரல் தயங்கித் தயங்கிப் போயிற்று.

"அவங்களுக்கு இரைப்பு உண்டு" என்றாள்.

தாளின் ஓரத்தில் பாதை நின்றது.

"இதுக்கப்புறம்?"

"அடுத்த தாள் காலேஜ்ல இல்லம்மா."

மழை, அட்டை, காய்ச்சல், வழியில் விழுந்தவர்கள் என்று சொல்ல நினைத்திருந்த எதையும் ஜஹானாராவால் சொல்ல முடியவில்லை. முகமே நினைவில்லாத ஒருவர் முதல்முறையாக அவளுக்குள் நடந்துகொண்டிருந்தார். அந்த அடுத்த தாள் இப்போது அவளுக்கும் வேண்டியிருந்தது.

"என்னம்மா, எழுதிடட்டுமா?" முன்கட்டிலிருந்து மாமுவின் குரல்.

மஜீதா மகளிடம் கேட்டாள்: "இதுல மேற்கு எந்தப் பக்கம்?"

ஜஹானாரா பாதை நின்ற ஓரத்தைக் காட்டினாள். மஜீதா தாளை இரண்டு கையாலும் பிடித்து, தான் தொழும் திசைக்கு, இறந்தவர் முகத்தைத் திருப்பி வைக்கும் அதே திசைக்கு, அந்த ஓரம் வரும்படி மெல்லத் திருப்பினாள்.

"எழுதிடுங்கண்ணே."

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஜன்னல் காற்றில் மலைகள் லேசாக எழும்பின. கையூன்றி அவற்றைப் படிய வைத்தாள்.