பீன்யாவின் கரிக்கு ஒரு பெயர்

மூன்று நிலையங்கள், ஒரே கரித்துகள், ஐந்து பெயர்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதற்கு ஒரு முடிவு கட்டாமல் எழுந்திருப்பதில்லை என்று லாவண்யா தீர்மானித்திருந்தாள்.

பெங்களூர்க் காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளந்து கணினியில் சேர்த்துவைக்கும் சின்ன ஆய்வகம் அது. சிவாஜிநகர் அளவீட்டு நிலையம் கரியை, ‘பிளாக் கார்பன்’ என்பதைச் சுருக்கி, ‘பிசி’ என்றது. காக்ஸ் டவுன் ‘கார்பன்’ என்றது. தொழிற்பேட்டையான பீன்யாவோ ‘சூட்’, அதாவது ஆங்கிலத்தில் புகைக்கரி, என்றது. இது போதாதென்று யாரோ ஒரு புண்ணியவான் ‘கார்பன் ஃபைனல்’ என்றும், பிறகு ‘கார்பன் ஃபைனல் புதுசு’ என்றும் தொடங்கிவைத்திருந்தார். அந்தப் புண்ணியவான் ஆய்வகத் தலைவர் பத்ரிநாத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை.

பெங்களூர் உயரத்தில் இருக்கும் ஊர், காற்றின் அடர்த்தி குறைவு. சில கருவிகள் அளவை உள்ளது உள்ளபடி தரும். சில, கடல்மட்டக் காற்றுக்கு மாற்றித் தரும். பெயர் நீண்டாலும் பரவாயில்லை, எது எப்படி என்று பெயரைப் பார்த்ததுமே தெரிய வேண்டும் என்பது லாவண்யாவின் கட்சி.

“இவ்ளோ நீளமா பேரு வச்சா ஸ்க்ரீன்லயே அடங்காதும்மா,” என்றார் பத்ரிநாத். “பதினஞ்சு வருஷமா சின்னப் பேரோட சௌக்கியமாத்தானே இருக்கோம்?”

“நீங்க சௌக்கியமா இருக்கீங்க சார். எல்லாத்தையும் ஒண்ணா சேக்கறவ நான்தானே சாகறேன்!”

அவர் சிரித்துவிட்டார். லாவண்யாவிடம் அவருக்குக் கொஞ்சம் இளகின மனசு. பீன்யாவில் ஒரே வருடத்தில் கரி பத்து சதவீதம் குறைந்தது என்ற அவளுடைய முதல் கட்டுரை அடுத்த மாதம் அச்சாகிறது. அவளுடைய வேலை நீட்டிப்பே அதை நம்பித்தான் இருந்தது. ஒருவழியாகத் தலையாட்டினார். நீளப் பெயர் ஜெயித்தது.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டென்சில் உடனே பீன்யா கோப்பைத் திறந்து பெயர் மாற்ற உட்கார்ந்தார்.

“மேடம், டிசம்பர் வரைக்கும் ‘கடல்மட்டம்’. ஜனவரியிலேர்ந்து ‘உள்ளபடி’. சரிதானே?”

“எதுக்குண்ணா ரெண்டு?”

“பழைய மெஷின் கெட்டுப்போச்சில்ல? புதுசு உள்ளபடிதான் குடுக்குது. எல்லாம் ‘சூட்’டுன்னே இருந்திச்சா, நானும் சும்னே விட்டுட்டேன்.”

இந்த உயரத்தில் ‘உள்ளபடி’ எண், ‘கடல்மட்ட’ எண்ணைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு! லாவண்யா மடிக்கணினியை இழுத்து, புது எண்களையும் கடல்மட்டத்துக்கு மாற்றிப் பார்த்தாள். ஜனவரியில் அழகாக இறங்கிய கோடு இப்போது இறங்கவே இல்லை. எட்டு மாத உழைப்பு ஐந்து நிமிடத்தில் போயே போய்விட்டது.

டென்சில் எதையும் கவனிக்காமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் ஒரே பெயரைப் போடச் சொன்னால் போட்டுவிடுவார். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. நேராக பத்ரிநாத்திடம் போய்ச் சொன்னாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இப்ப வாபஸ் வாங்கினா உன் எக்ஸ்டென்ஷன் கஷ்டம்மா. அச்சாகட்டும். அடுத்த பேப்பர்ல மெதுவா திருத்திக்கலாம்.”

“அங்க வேலைக்குப் போறவங்க அதே கரியத்தான் சார் இழுக்கறாங்க. நம்ம பேப்பர்ல மட்டும்தான் குறைஞ்சிருக்கு.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் தட்டினாள்: கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பீன்யாவில் கரி குறையவில்லை. பிழை என்னுடையது.

பத்ரிநாத் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

“‘எங்களுடையது’ன்னு மாத்தும்மா,” என்றார். “கையெழுத்துல என் பேர மேல போடு.”