பன்னிரண்டாம் வாரம்

ஒன்றாம் வகுப்புக்கு நான் சின்ன டீச்சர். பெரிய டீச்சர் என்னைவிட ஆறு வயது இளையவள். அவளிடம் பட்டம் இருந்தது. அதனால் அவள் பாடம் நடத்துவாள். நான் மூக்குத் துடைப்பேன், பென்சில் சீவுவேன், ஷூ லேஸ் கட்டுவேன். ஒன்பது வருடமாக இப்படித்தான். சனிக்கிழமைகளில் மட்டும் நான் மாணவி. பகுதிநேரப் பட்டப்படிப்பின் கடைசித் தாளில் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவது முறையும் போனால் பதிவு ரத்தாகும். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

அந்தத் தாளுக்குப் பரீட்சை கிடையாது. ஒரு குழந்தையைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, நாளுக்கு ஒரு பக்கம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் வகுப்பு டீச்சரின் கையெழுத்து வாங்கிப் பதிவேடாகக் கொடுக்க வேண்டும்.

நான் பொத்தானைத் தேர்ந்தெடுத்தேன். சட்டையின் இரண்டாவது பொத்தானை எந்நேரமும் திருகிக்கொண்டே இருப்பதால் மற்ற பிள்ளைகள் வைத்த பெயர் அது. பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"போயும் போயும் இவளையா எடுத்தீங்க? வாயே திறக்கமாட்டா, என்னத்தக்கா எழுதுவீங்க?" என்றாள் பெரிய டீச்சர்.

"அதனாலதான் எடுத்தேன்."

"கெட்டிக்காரிதான். நீங்க டிகிரி வாங்குறதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துரும்னுல்ல நெனச்சிருந்தேன்!"

நான்கு வாரம் ஒழுங்காக எழுதினேன். எல்லாப் பக்கங்களும் ஒன்றுபோலவே இருந்தன. 'மூன்றாவது வரிசை, சன்னல் ஓரம். பேசவில்லை. கேட்டதற்குத் தலையசைத்தாள்.' பிறகு காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டேன். அந்த மூன்று பக்கங்களை யோசித்து எழுதினேன். யோசித்தது, பார்த்து எழுதியதைப் போலவே இருந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மீதியிருந்த வாரங்கள் எல்லாவற்றையும் எழுதி முடித்தேன். ஒரே நாளில் எழுதியது தெரியாமலிருக்க மூன்று பேனாக்களை மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "அடுத்த மாசம் நடக்கப்போறத இன்னைக்கே எழுதுறியே, ஜோசியம் ஏதும் கத்துக்கிட்டியா?"

மறுநாள் பெரிய டீச்சர் ஒரே மூச்சில் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டாள். "விரல் சுளுக்கிக்கும் போலருக்கு. பாஸானதும் என்னை மறந்துறாதீங்க" என்றாள்.

ஒன்பதாம் வாரம் புதன்கிழமை நல்ல மழை. விளையாட விடவில்லை. பொத்தானின் பக்கத்துக் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பதிவேட்டின் முன்னுரையை எழுதிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கும் வீட்டுப்பாடமா?"

யார் கேட்டது என்று சுற்றிலும் பார்த்தேன். அவள்தான். திக்கல் திணறல் எதுவும் இல்லாத, சாதாரணமான குரல்.

"ஆமாம்மா" என்றேன்.

"முடிக்கலன்னா திட்டுவாங்களா?"

"பெயில் பண்ணிருவாங்க."

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். "பாவம்" என்று சொல்லிவிட்டு மறுபடி பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

நான் துள்ளிக் குதித்து எல்லோரையும் கூப்பிட்டிருக்க வேண்டும். பதிவேட்டில் அந்தப் புதன்கிழமையைத் தேடிப் பிடித்தேன். 'பேசவில்லை.' கீழே பெரிய டீச்சரின் கையெழுத்து. இந்த ஒரு பக்கத்தைக் கிழித்தால் அடுத்த பக்கம் பொய்யாகும், அதற்கடுத்ததும். இன்னொரு தடவை பேசட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அதன்பிறகு நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

பதினோராம் வாரம் வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியை பொத்தானின் அப்பாவை வரச் சொன்னார். அந்த அப்பா பெயின்டர். நகக்கண்ணில் வெள்ளைச் சாயம் காய்ந்திருந்தது. பொத்தான் அவருடைய காலோடு ஒட்டி நின்றாள். மேசையில் என் பதிவேடு கிடந்தது. பெரிய டீச்சர் காட்டுவதற்காக வாங்கிப் போயிருந்தாள்.

"எத்தனை வாரமாக் கூடவே இருந்து எழுதிருக்காங்க, பாருங்க. ஒரு வார்த்தை கிடையாது" என்று நடுவில் சில பக்கங்களைப் புரட்டினார் தலைமையாசிரியை. கடைசிப் பக்கங்களுக்கு அவர் போகவில்லை. "இவளுக்கு இந்த ஸ்கூல் சரிப்படாது. பேச வராத பிள்ளைங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்கு. ரெண்டு பஸ் மாறணும், அவ்வளவுதான்."

"வீட்ல வாய் ஓயாது மேடம்" என்றார் அவர். "வந்ததும் சின்ன டீச்சர் கதைதான். சின்ன டீச்சருக்கும் வீட்டுப்பாடம் இருக்காம், முடிக்கலன்னா பெயில் பண்ணிருவாங்களாம், பாவமாம். இவ கேட்டாளாம், டீச்சரே சொன்னாங்களாம்."

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "உங்ககிட்டப் பேசினாளா?"

பொத்தானின் விரல்கள் திருகுவதை நிறுத்தியிருந்தன. அவள் முகத்தில் பயமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்ல மேடம்" என்றேன். "நாங்க பேசிக்கிறதக் கேட்டுட்டு வீட்ல போய்க் கதை கட்டிருப்பா. பிள்ளைங்கதானே."

அவர் குனிந்து மகளைப் பார்த்தார். அதட்டவில்லை. "ஏம்மா அப்பாகிட்டப் பொய் சொன்னே?"

அவள் வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றார் தலைமையாசிரியை. பள்ளி மாற்றும் விண்ணப்பத்தையும் பேனாவையும் அப்பாவின் பக்கம் நகர்த்தினார். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் வருகைப் பதிவிலிருந்து ஒரு பெயரை அடித்தாள். நான் பென்சில்களைச் சீவினேன். சன்னலோர இடத்துக்கு இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள், விலக்கிவிட்டேன். மதியம் பையிலிருந்து பதிவேட்டை எடுத்து அன்றைய பக்கத்தைப் பார்த்தேன். தேதி சரியாக இருந்தது.

'மூன்றாவது வரிசை, சன்னல் ஓரம். பேசவில்லை. கேட்டதற்குத் தலையசைத்தாள்.'